தம்பூரா ஒரு ஸ்தாயி மேலே போனபோது: ஸ்டீரியோ கால்பேக்கில் கரைந்த ஆறு வாரம்

வேலை சின்னது. ஹெட்ஃபோனில் தம்பூரா ஓட வேண்டும், பாடுகிறவர் குரல் மைக் வழியாக வந்து அதோடு கலக்க வேண்டும், பாடி முடித்ததும் வேவ் கோப்பாகக் கையில் கிடைக்க வேண்டும். சி மொழி, சவுண்ட் கார்டோடு பேச உதவும் போர்ட்ஆடியோ லைப்ரரி, லினக்ஸ் போட்ட ஒரு பழைய லேப்டாப். இரண்டு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று தொடங்கியது ஆறு வாரம் இழுத்தது. நடுவில் தேவையே இல்லாத ஒரு யூஎஸ்பி மைக்குக்கு நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் போனது. விழுந்த குழிகளில் ஒன்றுகூடப் புதிதல்ல, இந்தத் துறையில் எல்லோரும் விழுந்து எழுந்தவைதான். ஆனால் ஒவ்வொரு பிழைக்கும் தனக்கென்று ஒரு சத்தம் உண்டு, அந்தச் சத்தத்தை வைத்தே பிழை எங்கே என்று பிடித்துவிடலாம் என்பதை யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதைக் கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கால்பேக் என்றால் என்னவென்று இரண்டு வரி. நம் ப்ரோகிராம் சவுண்ட் கார்டுக்கு ஒலியைத் தள்ளுவதில்லை. கார்டுதான், தனக்கு வேண்டும்போது, "இந்தா காலி பஃபர், நிரப்பிக் கொடு" என்று நம் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. பஃபர் என்பது ஒலி எண்களை வைக்கும் நினைவகத் துண்டு. அப்படிக் கூப்பிடப்படும் ஃபங்ஷன்தான் கால்பேக். ஒரு நொடிக்கு 48000 ஃபிரேம், பஃபருக்கு 256 ஃபிரேம் என்று திறந்தால், 5.33 மில்லி செகண்டுக்கு ஒருமுறை கூப்பிடும். அதற்குள் நிரப்பித் திரும்பிவிட வேண்டும். பிந்தினால் மன்னிப்பு கிடையாது, காதில் 'டிக்' என்று விழும். சாம்பிள் என்பது ஒரு கணத்தில் ஒரு சானலின் ஒலியை அளந்த எண். ஃபிரேம் என்பது ஒரே கணத்துக்கான எல்லாச் சானல் சாம்பிள்களும் சேர்ந்தது. ஸ்டீரியோவில் ஒரு ஃபிரேமுக்கு இரண்டு சாம்பிள். போர்ட்ஆடியோ தானாகக் கொடுக்கும் அமைப்பில் இவை பின்னிப் பின்னி வரும்: 0, 2, 4 இடது; 1, 3, 5 வலது. 256 ஃபிரேம் என்றால் 512 சாம்பிள். 32 பிட் ஃப்ளோட்டில் (தசம எண் வகை) 2048 பைட். கால்பேக்குக்கு வரும் எண்ணிக்கை எப்போதும் ஃபிரேம் கணக்குதான். இந்த ஒரு வரியை மானிட்டரில் ஒட்டி வைத்திருந்தால் முதல் வாரம் மிச்சமாகியிருக்கும்.

ஏனென்றால் முதலில் எழுதிய லூப் 256 முறைதான் சுற்றியது. சுற்றுக்கு ஒரு சாம்பிளாக பஃபரில் வரிசையாகப் போட்டது. 5 கட்டைச் சுருதிக்கு 196 ஹெர்ட்ஸில் வர வேண்டிய சட்ஜம், 392 ஹெர்ட்ஸில், மேல் ஸ்தாயியில் வந்தது. கூடவே ஒரு ரீங்காரம். காரணம் எளிது: ஒன்றுவிட்டு ஒன்று சாம்பிள் இடதுக்கும் வலதுக்கும் பிரிந்துபோகிறது, ஆகவே ஒவ்வொரு காதும் பாதிச் சாம்பிளைத்தான் பார்க்கிறது, அலை இரட்டிப்பு வேகத்தில் ஓடுகிறது. பஃபரின் பின்பாதியில் எதையும் எழுதவில்லை. அங்கே என்ன கிடந்ததோ அது ஒலித்தது. அந்த ரீங்காரத்தின் சுருதி 48000 வகுத்தல் 256, அதாவது 187.5 ஹெர்ட்ஸ். பஃபர் அளவை 512 ஆக்கியதும் ரீங்காரம் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கியது. இதைச் சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம்: பஃபர் அளவை மாற்றினால் இரைச்சலின் சுருதியும் மாறுகிறதென்றால், பிழை பஃபர் எல்லையில் இருக்கிறது. இதற்குத் தம்பி ஒருவன் உண்டு. ரீங்காரமே இல்லாமல் சுத்தமாக ஒரு ஸ்தாயி மேலே கேட்டால், இடதுக்கு ஒருமுறை வலதுக்கு ஒருமுறை என்று ஆசிலேட்டரை (அலையை உண்டாக்கும் கணக்கை) ஃபிரேமுக்கு இரண்டு தடவை நகர்த்துகிறீர்கள். ஒருமுறை கணக்கிட்டு, ஒரு மாறியில் வைத்து, இரண்டு இடத்திலும் எழுதுங்கள்.

இடது வலது சரியாகப் போகிறதா என்று பார்க்க இசையை ஓட்டிப் பயனில்லை. இடதில் மட்டும் 440 ஹெர்ட்ஸ், வலதில் மட்டும் 660 என்று அனுப்பி, ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைக் கழற்றிக் கேளுங்கள். கம்பி போட்ட ஹெட்ஃபோனில் கேளுங்கள். ப்ளூடூத் ஹெட்செட்டில் அதன் மைக்கைத் திறந்த நொடியே அது ஃபோன் பேசும் முறைக்கு மாறி, ஸ்டீரியோ போய் மோனோ ஆகிவிடும். அதற்காகப் ப்ரோகிராம் கோடில் இரண்டு நாள் தேடுவது பாவம்.

அடுத்து கேட்டது ஸ்தாயி மாற்றம் அல்ல, அதைவிடக் குழப்பமானது. முன்பே பதிவு செய்து வைத்த தம்பூரா ஒலியை ஓட்டினால் 5 கட்டை, 5½ கட்டையையும் தாண்டி, 6 கட்டையைத் தொடாமல் நடுவில் நின்றது. எந்தக் கட்டையிலும் சேராத இந்தச் சுருதி ஒரு கைரேகை மாதிரி. கோப்பு நொடிக்கு 44100 சாம்பிள், ஸ்ட்ரீம் (சவுண்ட் கார்டோடு திறந்த ஒலி ஓட்டம்) 48000. விகிதம் 1.088, அதாவது ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவாக, 1.47 அரைச்சுரம். திருப்பிப் போட்டால் அதே அளவு கீழே இறங்கும், ஒரு நிமிடப் பாட்டு 65 நொடி ஓடும். ஸ்ட்ரீமைத் திறந்த பிறகு அதன் தகவலைக் கேட்டு, நிஜமாக என்ன வேகம் கிடைத்தது என்று பாருங்கள். கேட்டது கிடைத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். வேவ் கோப்பு எழுதும்போதும் அந்த நிஜ எண்ணைத்தான் தலைப்பில் போட வேண்டும். வழக்கமான தலைப்பில் 20ஆவது பைட்டில் வடிவக் குறி, 22இல் சானல் எண்ணிக்கை, 24இல் சாம்பிள் வேகம். ஃப்ளோட் சாம்பிள் எழுதினால் வடிவக் குறி 3. அங்கே பழக்கதோஷத்தில் 1 என்று போட்டால், ப்ளேயர் அதை 32 பிட் முழு எண்ணாகப் படித்து, காதைக் கிழிக்கும் இரைச்சலாகக் கொட்டும். முதல் தடவை ஓட்டும்போது ஹெட்ஃபோனைக் காதில் மாட்டாதீர்கள், மேசைமேல் வைத்துக் கேளுங்கள்.

மைக் பக்கம் வந்தால், லேப்டாப் மைக்கை இரண்டு சானல் என்று கேட்டுத் திறந்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி மோனோ செய்தது இன்னொரு அசட்டுத்தனம். சில லேப்டாப்களில் உள் மைக்கின் இரண்டு சானலிலும் ஒரே குரல் ஒன்றுக்கொன்று தலைகீழாக வரும். கூட்டினால் பூஜ்யம். ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்டால் குரல் இருக்கிறது, பதிவில் ஆளே இல்லை. இடதை மட்டும் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. சாதனம் அதிகபட்சம் எத்தனை உள்ளீட்டுச் சானல் தரும் என்று கேட்டுவிட்டுத் திறப்பது நல்லது. ஒரு சானல்தான் என்றால் உள்ளே 1, வெளியே 2 என்று தாராளமாகத் திறக்கலாம், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எப்போதும் கேட்கும் பிழைகள், பிடித்துவிடலாம். உயிரை வாங்கியது எப்போதாவது கேட்கும் 'டிக்'. பத்து நிமிடம் ஒன்றுமிருக்காது, பிறகு ஒன்று. கால்பேக்குக்குள் குரலைக் கோப்பில் எழுதும் எஃப்ரைட் இருந்தது. சரியாக ஓடுகிறதா பார்க்க, திரையில் அச்சிடும் ஒரு பிரின்ட்எஃப். தந்திகளின் ஒலியளவை மாற்றும் ஸ்லைடருக்கு ஒரு ம்யூடெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெடை மட்டும் உள்ளே விடும் பூட்டு. த்ரெட் என்பது ப்ரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை வரிசை. சராசரி பார்த்தால் கால்பேக் 0.3 மில்லி செகண்டில் முடிந்தது. 5.33இல் 0.3 என்றால் மலிவுதானே என்று விட்டதுதான் தவறு. இங்கே சராசரிக்கு மதிப்பே இல்லை. எஃப்ரைட் பெரும்பாலும் நினைவகத்தில் நகல் எடுத்துவிட்டு உடனே திரும்பிவிடும். ஆனால் சேர்த்து வைத்ததைக் கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையம்) டிஸ்க்கில் இறக்கும் வேளையில் மாட்டினால் காத்திருக்க வேண்டியதுதான். மிக நீண்ட நேரத்தை மட்டும் ஒரு மாறியில் பிடித்து வைத்து, வெளியே இன்னொரு த்ரெடில் அச்சிட்டபோது வந்த எண் 41 மில்லி செகண்ட். ஏறக்குறைய எட்டு பஃபர் போயிருக்கிறது. ம்யூடெக்ஸ் கதை இன்னும் மோசம். திரையைக் கவனிக்கும் த்ரெட் பூட்டைக் கையில் வைத்திருக்கும்போது வேறு ஏதோ வேலை அதை ஓரம் கட்டிவிடும். அவசரத்தில் வந்த ஆடியோ த்ரெட், தன்னைவிடக் கீழான ஒன்றுக்காக வாசலில் நிற்கும். பிரின்ட்எஃப்புக்குள்ளும் ஒரு பூட்டு இருக்கிறது. நினைவகம் ஒதுக்கும் மாலாக்கும் அப்படித்தான்: எப்போது ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் போய் நினைவகம் கேட்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் ஆகும் என்று உச்ச வரம்பு சொல்ல முடியாத எதையும் கால்பேக்குக்குள் வைக்காதீர்கள். ஆயிரம் முறை வேகமாக ஓடியது சாட்சியாகாது.

அதற்கு மாற்று ரிங் பஃபர், கடைசி இடம் முடிந்ததும் முதலிலிருந்து சுற்றிவரும் பஃபர். கால்பேக் ஒரு முனையில் போடும், கோப்பு எழுதும் த்ரெட் மறுமுனையில் எடுக்கும், நடுவில் பூட்டு கிடையாது. போர்ட்ஆடியோ மூலக் கோடோடு ஒன்று வருகிறது. அதன் கொள்ளளவு இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும். 131072 ஃபிரேம் வைத்தேன். ஸ்டீரியோ ஃப்ளோட்டில் சரியாக 1 மெகாபைட், 2.73 நொடி தாங்கும். எழுதும் த்ரெட் 50 மில்லி செகண்டுக்கு ஒருமுறை எழுந்து, இருப்பதை அள்ளி எழுதிவிட்டுத் தூங்கும். டிஸ்க் அரை நொடி மக்கர் செய்தாலும் காதுக்குத் தெரியாது. ரிங் பஃபர் நிறைந்துபோனால் கால்பேக் காத்திருக்கக் கூடாது. போட முடியாததை விட்டுவிட்டு, விட்டது எத்தனை என்று ஒரு எண்ணியில் ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டும்.

இங்கே ஸ்டீரியோவுக்கே உரிய ஒரு குழி இருக்கிறது. ரிங் பஃபரின் ஒரு உறுப்பு என்பதை ஒரு சாம்பிள், 4 பைட், என்று அமைத்திருந்தேன். ஒருநாள் நிறைந்தபோது 512 கேட்டதில் 317தான் உள்ளே போனது. ஒற்றைப்படை. அந்தக் கணத்திலிருந்து பதிவில் இடது வலதாக, வலது இடதாக மாறி, கடைசிவரை அப்படியே ஓடியது. இடதில் குரல், வலதில் தம்பூரா என்று பிரித்துப் பதிந்துகொண்டிருந்ததால்தான் தெரிந்தது. சாதாரண ஸ்டீரியோப் பாட்டாக இருந்தால் மாதக்கணக்கில் தெரிந்திருக்காது. உறுப்பின் அளவை ஒரு ஃபிரேம், 8 பைட், என்று மாற்றியதும் பாதி ஃபிரேம் உள்ளே போக வழியே இல்லாமல் போனது. ரிங் பஃபரை நீங்களே எழுதுவதாக இருந்தால் இன்னொன்று: இன்டெல் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடியது ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் எப்போதாவது 'படக்' என்கிறதென்றால், தரவு எழுதி முடியும் முன்பே நகர்ந்த சுட்டி மறு த்ரெடுக்குத் தெரிந்துவிடுகிறது. அதில் இருக்கும் ஆர்ம் சிப், நினைவகத்தில் எழுதியவற்றின் வரிசையை மாற்றிக் காட்டும். மாறிக்கு வாலட்டைல் என்ற சொல்லைப் போட்டால் போதாது. பாதியில் யாரும் குறுக்கிட முடியாத அட்டாமிக் மாறியில், எழுதுபவர் ரிலீஸ் (இதற்கு முன் எழுதியதெல்லாம் முதலில் தெரியட்டும்), படிப்பவர் அக்வையர் (இதற்குப் பின்புதான் மற்றதைப் படி) என்று வைக்க வேண்டும்.

ஸ்லைடர் மாதிரி ஒற்றை எண்ணுக்கு ரிங் பஃபர்கூட வேண்டாம், ஒரு அட்டாமிக் ஃப்ளோட் போதும். ஆனால் வந்த எண்ணை அப்படியே பெருக்கினால் ஸ்லைடர் நகரும்போது 'கரகர' என்கும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் இலக்குக்கும் இப்போதைய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்த்துங்கள். ஏறக்குறைய 20 மில்லி செகண்டில் பெரும்பங்கு தூரம் வழுக்கிப் போய்விடும்.

'டிக்' ஓய்ந்த மகிழ்ச்சியில் நீண்ட நேரம் ஓடவிட்டுப் பார்த்தபோது, கூடவே ஒலிக்கும் சோதனைச் சட்ஜம் நாலைந்து நிமிடத்துக்குப் பிறகு மணல் கலந்த மாதிரி சொரசொரத்து, 5 நிமிடம் 49 நொடியில் அடங்கிப்போனது. மறுபடி ஓட்டினால் அதே 5:49. இப்படித் துல்லியமாக ஒரே நேரத்தில் நிற்கும் பிழை வரம். சாம்பிள் எண்ணியை ஃப்ளோட்டாக வைத்திருந்தேன். 32 பிட் ஃப்ளோட் 16777216 வரைதான் ஒன்று ஒன்றாக எண்ணும். அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் அதே எண்தான். 16777216 வகுத்தல் 48000 சரியாக 349.5 நொடி. சொரசொரப்பு அதற்கு முன்பே ஏன் என்றால், அந்த உயரத்தில் கோணம் நான்கு லட்சம் ரேடியனைத் தாண்டிவிடுகிறது. அங்கே ஃப்ளோட்டின் அடுத்தடுத்த எண்களுக்கு இடைவெளி 0.031. சாம்பிளுக்குச் சாம்பிள் நகர வேண்டியதோ 0.0257. படி ஏற வேண்டிய உயரத்தைவிடப் படியே பெரிது. நேரத்தை எண்ணாதீர்கள், கோணத்தை மட்டும் ஒரு மாறியில் வைத்து, சாம்பிளுக்கு இவ்வளவு என்று கூட்டி, ஒரு சுற்று முடிந்ததும் கழித்துவிடுங்கள். கட்டையை நடுவில் மாற்றினாலும் அலை முறியாது.

தம்பூராத் தந்தியை அடித்து அடங்கும் ஒலியாக, தாமதச் சுழலில் (வெளிவந்த ஒலியையே சற்றுத் தேய்த்துத் திரும்ப உள்ளே விடும் வளையத்தில்) செய்திருந்தேன். நாலு தந்திக்கும் தலா 0.5 வைத்துக் கூட்டியதில் 1ஐத் தாண்டி உச்சி வெட்டுப்பட்டது, 0.2 ஆக்கியதும் சரி. வினோதம் அதற்குப் பிறகு: தம்பூராவை நிறுத்தி, எல்லாம் அமைதியாகி, அரை நிமிடத்துக்கு மேல் ஆனபின் சிபியு சுமை ஏறியது. ஒன்றுமே ஒலிக்காதபோது! சுழலில் மிச்சம் இருக்கும் எண் தேய்ந்து தேய்ந்து 10இன் அடுக்கு மைனஸ் 38க்குக் கீழே போனதும், ப்ராசஸர் அதைக் கையாள மெதுவான பாதைக்குப் போகிறது. 3 நொடியில் 60 டெசிபல் இறங்கும் தந்திக்கு அந்த 760 டெசிபல் பள்ளத்தை அடைய 38 நொடி. மிகச் சிறிய எண்களைப் பூஜ்யமாக்கிவிடு என்று ப்ராசஸருக்குச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. ஆனால் அது த்ரெடுக்குத் த்ரெட் தனி. மெயின் ஃபங்ஷனில் வைத்துவிட்டுப் பலன் இல்லையே என்று ஒரு மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கால்பேக்கின் முதல் வரியில் வைக்க வேண்டும்.

இனி அந்த நாலாயிரம். 'டிக்'குகளுக்கு லேப்டாப்பின் சவுண்ட் கார்டுதான் காரணம் என்று நினைத்து யூஎஸ்பி மைக் வாங்கினேன். குரல் நன்றாக வந்தது. எல்லாப் பிழையும் தீர்ந்தபின்னும், ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒரு 'டிக்', கடிகாரம் மாதிரி. மைக்குக்கு உள்ளே, கடிகாரமாக இயங்கும் ஒரு கிரிஸ்டல், ஹெட்ஃபோன் ஜாக்குக்குப் பின்னால் வேறொரு கிரிஸ்டல். இரண்டும் 48000 என்றுதான் சொல்லும், ஆனால் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே நொடிக்கு 2.4 ஃபிரேம் விலகும். 107 நொடியில் 256 ஃபிரேம், அதாவது ஒரு முழு பஃபர், கூடும் அல்லது குறையும். கோடில் எவ்வளவு தேடினாலும் இது கிடைக்காது. ஒழுங்கற்ற 'டிக்' என்றால் கால்பேக்கில் எதுவோ காத்திருக்கிறது. நிமிடக்கணக்கில் ஒழுங்காக வரும் 'டிக்' என்றால் இரண்டு கடிகாரம். உள்ளும் வெளியும் ஒரே சாதனத்தில் வையுங்கள்: யூஎஸ்பி மைக்கிலேயே ஹெட்ஃபோன் துளை இருந்தால் அதில் கேளுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி. என் மைக்கில் அந்தத் துளை இல்லை. இது மாதிரிச் சந்தேகங்களுக்குக் கால்பேக்குக்கு வரும் ஸ்டேட்டஸ் கொடிகளைக் கவனியுங்கள். உள்ளீடு வழிந்ததா, வெளியீடு வற்றியதா என்று போர்ட்ஆடியோவே சொல்கிறது. அவற்றைத் தனித்தனி எண்ணியில் ஏற்றி வெளியே காட்டினால், பணப்பைக்குக் கை போகும் முன் விஷயம் தெரிந்திருக்கும்.

தாமதம் பற்றி ஒன்று. 256 ஃபிரேம் என்றால் 5.33 மில்லி செகண்டில் நம் குரல் நம் காதுக்கு வரும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே ஒரு பஃபர், வெளியே ஒன்றோ இரண்டோ, ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வெர்ட்டரின் தாமதம் எல்லாம் சேரும். ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து மைக் ஜாக்குக்கு ஒரு கேபிள் போட்டு, ஒலியளவை நன்றாகக் குறைத்து, ஒற்றைத் துடிப்பை அனுப்பி, எத்தனை ஃபிரேம் கழித்துத் திரும்புகிறது என்று எண்ணுங்கள். இங்கே 1152 வந்தது, 24 மில்லி செகண்ட். பதிவில் குரலை அதே அளவு முன்னால் இழுத்தபிறகுதான் தந்தி மீட்டும் கணமும் பாடும் கணமும் ஒட்டின.

கடைசிப் பிழைக்குச் சத்தமே இல்லை. நிறுத்து பொத்தானை அழுத்தினால் பத்தில் ஒருமுறை ப்ரோகிராம் விழுந்துவிடும். தந்திகளின் நினைவகத்தை விடுவித்துவிட்டு, அதற்குப் பிறகு ஸ்ட்ரீமை நிறுத்திக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் வரும் கால்பேக் இல்லாத தந்தியை மீட்டியது. ஸ்ட்ரீமை நிறுத்து, மூடு, கோப்பு எழுதும் த்ரெடுக்கு முடிந்தது என்று சொல்லி அது மிச்சத்தை எழுதிவிட்டு வரும்வரை காத்திரு, வேவ் தலைப்பில் நீளத்தைத் திருத்து, அப்புறம் நினைவகத்தை விடுவி. நிறுத்தும் ஃபங்ஷனைக் கால்பேக்குக்குள்ளிருந்து கூப்பிடாதீர்கள். முடிந்தது என்ற மதிப்பைத் திருப்பிக் கொடுத்தால் போதும், அதுவே மீதியை ஓட்டி முடித்துவிடும். அப்படித் தானாக முடிந்த ஸ்ட்ரீமை மறுபடி தொடங்குமுன், வெளியிலிருந்து ஒருமுறை முறையாக நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்ட்ரீம் இன்னும் நிற்கவில்லை என்று பிழைச் செய்தி வரும், ஹெட்ஃபோனில் ஒன்றும் கேட்காது.